எடை குறைக்கும் மருந்துகள்: அட்டவணையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் உடல் பருமனுக்கான மருந்துகளை வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். பழைய மாத்திரை மேலே, இன்னும் சோதனையில் இருக்கும் ஊசி கீழே, பக்கத்தில் எத்தனை சதவீதம் எடை குறையும் என்று ஓர் எண், அவ்வளவுதான். அன்று காலை பத்து மணிக்குள் என் தம்பி மகன் அதைப் போட்டோ எடுத்து, கடைசி வரிக்குச் சிவப்பில் வட்டம் போட்டு எனக்கு அனுப்பிவிட்டான். "அத்தை, இது 24! நீங்க போடுற ஊசி 21தான். இது எப்ப வரும்?" அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது, சரி, உங்களுக்கே அனுப்பிவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு வயது 53. டாக்டர் இல்லை, மருந்துக்கடை வைத்திருப்பவளும் இல்லை. ஆனால் உங்கள் அட்டவணையில் உள்ள மருந்துகளில் மூன்றும், அட்டவணையில் இல்லாத, இனி எந்த அட்டவணையிலும் ஏற முடியாத ஒன்றும் இந்த உடம்புக்குள் போய்வந்திருக்கின்றன.

அந்த இல்லாத ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். 2007-ல் எனக்குக் கொடுத்தது சிபுட்ரமைன். காலையில் ஒரு காப்ஸ்யூல். பசி அடங்கியது உண்மைதான். ஆனால் நாள் முழுக்க வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ராத்திரி தலையணையில் காதை வைத்தால் நாடி அடிப்பது டம் டம் என்று கேட்கும். நான்கு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது, பிரஷர் ஏறியது. பயந்துபோய் நிறுத்தினேன். போன ஆறு கிலோ, துணைக்கு இரண்டைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. 2010-ல் அந்த மருந்தையே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதய நோயோ சுகரோ இருந்த ஏறக்குறைய 10,000 பேரிடம் சில வருடங்கள் கொடுத்துப் பார்த்ததில், மருந்து சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்திருந்தன. மருந்து அனுமதி பெற்றது 1997-ல். இது தெரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இது ஒன்றோடு முடிந்த கதையும் இல்லை. ஃபென்ஃபுளூரமைன் இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-ல் திரும்பப் பெற்றார்கள். ரிமோனபண்ட் 2006-ல் ஐரோப்பாவுக்கு வந்தது, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருகிறது என்று 2008-ல் போனது. லோர்கசெரின் 2012-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கி, புற்றுநோய் சந்தேகத்தில் 2020-ல் வெளியேறியது. ஒவ்வொன்றும் வந்த புதிதில் ஒரு நல்ல சதவீதத்தோடுதான் வந்தது. அன்று யாராவது அட்டவணை போட்டிருந்தால் அதிலும் ஒரு கடைசி வரி இருந்திருக்கும், அதற்கும் ஒரு தம்பி மகன் வட்டம் போட்டிருப்பான்.

அடுத்து ஆர்லிஸ்டாட். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரே வரி, "பலன் குறைவு" என்று. சரிதான், ஒரு வருடம் சாப்பிட்டாலும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடச் சராசரியாக மூன்று கிலோ அளவுக்குத்தான் கூடுதலாகக் குறையும். இது குடலிலேயே வேலை செய்கிறது, நாம் சாப்பிடும் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுத்து அப்படியே வெளியே அனுப்பிவிடும். இந்த "அப்படியே வெளியே" என்பதன் பொருள் எனக்கு ஓர் அலுவலகக் கூட்டத்தில், வெளிர்நிற உடையில் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது. மேற்கொண்டு எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், முந்தைய நாள் எண்ணெய் அதிகமாகச் சாப்பிட்டதற்கு மறுநாளே தண்டனை கிடைக்கும் என்பதால் அந்த எட்டு மாதம் நான் எண்ணெய்ப் பக்கமே போகவில்லை, எடை குறைந்ததில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, பயத்தின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, கூட வந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக விழ, இது இன்னும் கடையில் இருக்கிறது. அதையும் ஒரு தகுதியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஊசிகளுக்கு வருவோம். சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். போதும் என்று மூளைக்குச் சொல்லும், இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், இன்சுலினைத் தூண்டும். உடம்பு அதை இரண்டே நிமிடத்தில் உடைத்துவிடும். உடையாமல் தாங்கும் நகல்களைச் செய்ததுதான் இந்த மருந்துகளின் சாமர்த்தியம் எல்லாம் (முதல் நகலுக்கு வழி காட்டியது கீலா மான்ஸ்டர் என்ற ஒரு விஷப் பல்லியின் எச்சில், நம்பினால் நம்புங்கள்). லிராகுளுடைடு ஒரு நாள் தாங்கும், அதனால் தினமும் ஊசி. செமாகுளுடைடு ஒரு வாரம் தாங்கும். டிர்செபடைடும் வாரம் ஒன்றுதான், அது ஜிஎல்பி-1 கூட ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

உங்கள் அட்டவணையில் லிராகுளுடைடுக்கு 8, செமாகுளுடைடுக்கு 15, டிர்செபடைடுக்கு 21. எண்கள் சரிதான். ஆனால் முதலாவது 56 வாரச் சோதனை, இரண்டாவது 68 வாரம், மூன்றாவது 72 வாரம். ஆட்கள் வேறு, இடங்கள் வேறு. தம்பி மகன் வட்டம் போட்ட 24 இருக்கிறதே, ரெட்டாட்ருடைடு, அது 338 பேர் மட்டுமே கலந்துகொண்ட 48 வார இரண்டாம் கட்டச் (பெரிய சோதனைக்கு முந்தைய) சோதனையில், அதிகபட்ச டோஸ் வாங்கியவர்களின் எண். நாலு பள்ளிக்கூடத்தில் நாலு வெவ்வேறு கேள்வித்தாளில் எழுதியவர்களை ஒரே ராங்க் பட்டியலில் போட்ட மாதிரி இருக்கிறது. ஒரே சோதனையில் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்ததும் உண்டு, அதைத்தான் போட்டிருக்க வேண்டும். 2022-ல் வந்த ஒன்றில் செமாகுளுடைடு 15.8 சதவீதம், லிராகுளுடைடு 6.4. 2025-ல் வந்த இன்னொன்றில், சுகர் இல்லாத 751 பேரிடம் 72 வாரம் பார்த்ததில், டிர்செபடைடு 20.2, செமாகுளுடைடு 13.7. ஆக டிர்செபடைடுதான் முன்னால் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சுகர் உள்ளவர்களுக்கு இந்த எண்கள் எல்லாமே கீழே இறங்கும் என்பதையும் போட்டிருக்கலாம். செமாகுளுடைடு அவர்களிடம் 10-ஐத் தொடவில்லை, டிர்செபடைடு 15 அளவில் நின்றது. உங்கள் வாசகர்களில் சுகர் உள்ளவர்கள் எத்தனை பேர் அந்த 21-ஐ நம்பிக்கொண்டு டாக்டரிடம் போயிருப்பார்களோ.

அப்புறம் சராசரி என்பது. செமாகுளுடைடின் பெரிய சோதனையில் 1,961 பேர். சராசரி 14.9 சதவீதம். உள்ளே போய்ப் பார்த்தால், மருந்து வாங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்கு 20 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்திருக்கிறது, நூற்றுக்கு 14 பேருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. நம் உடம்பு எந்தப் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை, போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நான் போட்டுப் பார்த்தேன். 104 கிலோவில் செமாகுளுடைடு ஆரம்பித்தேன். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து, பேனாவை வைத்து அழுத்தினால் ஒரு 'டிக்', ஆறு எண்ணும் வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். வலி ஒன்றும் இல்லை. முதல் மாதம் 0.25 மில்லிகிராம், அது பழக்குவதற்கு மட்டும்தான், எடை குறைக்க இல்லை என்று சொன்னார்கள். ஆனால் இரண்டாவது வாரமே ஒரு ராத்திரி பாதித் தட்டு மீந்து போய், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நினைவு தெரிந்து என் தட்டில் மீந்தது கிடையாது. இதை எப்படிச் சொல்வது, மண்டைக்குள் ஒரு ரேடியோ எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது, அடுத்து என்ன, எப்போது, மீதி இருக்கிறதா என்று, அதை யாரோ அணைத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு இந்த ரேடியோ கிடையாதா என்று வீட்டில் கேட்டேன். "என்ன ரேடியோ?" என்றார் கணவர். ஐம்பது வருடமாக நாக்கைக் கட்டத் தெரியாதவள் என்று திட்டு வாங்கியவளுக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒல்லியானவர்களுக்குப் புரியாது.

குமட்டல் இருந்தது, டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நாலைந்து நாள். மலச்சிக்கல் இருந்தது, அது நாலைந்து நாளோடு நிற்கவில்லை. பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி, மிக மிக அரிதாகக் கண் நரம்பில் பாதிப்பு, இவையும் உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் இதைத் தொடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே செமாகுளுடைடை நிறுத்த வேண்டும், டிர்செபடைடு போடுகிறவர்களுக்குக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம். உங்கள் கட்டுரையில் பக்கவிளைவுக்கு "வயிற்று உபாதைகள்" என்று இரண்டு சொல்.

பதிமூன்று மாதத்தில் 88 கிலோ. ஊசி எழுதிக்கொடுத்த கிளினிக்கில் கைகொடுத்தார்கள். "அவ்வளவுதான்மா, முடிஞ்சது, நிறுத்திடலாம், இனி வாயைக் கட்டினா போதும்" என்றார்கள். நிறுத்தினேன். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, ஒரு மத்தியானம், ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்தது. வாயைக் கட்டினேன், சத்தியமாகக் கட்டினேன். பத்து மாதத்தில் 99.

என் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு கிளினிக்குக்கே போகாமல் இருந்தேன், எந்த முகத்தோடு போவது என்று. பிறகுதான் தெரிந்தது, அதே பெரிய சோதனையில் மருந்தை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்து எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருக்கிறது. நான் இழந்தது 16, திரும்பி வந்தது 11. புத்தகத்தில் அச்சடித்த மாதிரி! டிர்செபடைடிலும் இதே கதைதான், 36 வாரம் கொடுத்துவிட்டுச் சிலருக்கு மட்டும் வெற்று ஊசிக்கு மாற்றினார்கள், அவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் 14 சதவீதம் ஏறியது, தொடர்ந்து போட்டவர்களுக்கு இன்னும் குறைந்தது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறும், அதற்கு யாரும் நோயாளியைத் திட்டுவதில்லை. இந்தத் தகவல் நான் கைகொடுத்துவிட்டு வெளியே வந்த அன்றே அச்சில் இருந்தது, எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை. உங்கள் கட்டுரையையும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன், நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை.

எடையைப் பற்றியே பேசுகிறோம், எது குறைந்தது என்றும் கேட்க வேண்டும். குறைகிற எடையில் எல்லாமே கொழுப்பு கிடையாது. டிர்செபடைடு சோதனையில் உடல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் குறைந்ததில் கால் பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை, செமாகுளுடைடில் அது இன்னும் கூடுதல். எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், 88 கிலோவில், 104-ல் ஏறிய அதே மாடிப்படியை ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஏறினேன். திரும்பி வந்த 11 கிலோவில் அந்தத் தசை திரும்பியிருக்குமா என்று கேட்காதீர்கள். இரண்டாவது முறை டிர்செபடைடு ஆரம்பித்தபோது வேறு ஒரு டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார், புரதம் தட்டில் முதலில் போக வேண்டும், வாரம் மூன்று நாள் எடை தூக்க வேண்டும், இல்லையென்றால் ஊசி எழுத மாட்டேன் என்று. இன்று 84 கிலோ, 10 மில்லிகிராமில் நிற்கிறேன். 15-க்கு ஏற்றிப் பார்த்தோம், இரண்டு வாரம் வாந்தி, இறக்கிவிட்டோம். ஆக, தம்பி மகன் சொன்ன "உங்க ஊசி 21" என்பது நான் இப்போது போடாத டோஸின் எண்.

வரப்போகிறவற்றைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் ரொம்பவே குஷியாக எழுதியிருந்தார். எனக்கும் நம்பிக்கை உண்டு, ஆனால் அவர் காட்டும் திசையில் இல்லை. அவருக்கு எண் பெரிதாகப் பெரிதாகச் சந்தோஷம். ரெட்டாட்ருடைடு மூன்று ஹார்மோன்களின் வேலையைச் செய்கிறது, அதில் குளுக்ககானும் ஒன்று. 2025 டிசம்பரில் அந்த நிறுவனம் அறிவித்த மூன்றாம் கட்ட முடிவில் 68 வாரத்தில் 28.7 சதவீதம் வரை போயிருக்கிறது, இது கிட்டத்தட்ட அறுவை சிகிச்சைக்குப் பக்கம். ஆனால் அதே அறிவிப்பில், அதிக டோஸ் வாங்கியவர்களில் நூற்றுக்கு 18 பேர் பக்கவிளைவால் பாதியில் விலகியிருக்கிறார்கள், ஐந்தில் ஒருவருக்குத் தோலில் தொட்டாலே ஏதோ மாதிரி இருக்கும் உணர்வுக் கோளாறு. செமாகுளுடைடு சோதனையில் அப்படி விலகியவர்கள் நூற்றுக்கு 7 பேர். காக்ரிசெமா (செமாகுளுடைடோடு இன்னொரு மருந்தைச் சேர்த்த ஊசி) 25 தொடும் என்று எதிர்பார்த்தார்கள், 20 சொச்சத்தில் நின்றது. மாதம் ஒரே ஊசி போதும் என்று சொல்லப்படும் மரிடைடு இரண்டாம் கட்டத்தில் ஒரு வருடத்தில் 20 அளவுக்குக் காட்டியிருக்கிறது.

நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது மாத்திரைகளை. செமாகுளுடைடு 25 மில்லிகிராம் மாத்திரைக்கு 2025 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 64 வாரத்தில் 13.6 சதவீதம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மடக்கு தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் ஒன்றும் தொடக்கூடாது. ஆர்ஃபோர்கிளிப்ரான் என்ற இன்னொன்றுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. சோதனையில் 72 வாரத்தில் 11, 12 என்றுதான் வந்தது, அதனால் உங்கள் அட்டவணையில் நடுவில் எங்கோ கிடக்கிறது. ஆனால் அது புரதத் துண்டு இல்லை, சாதாரண மாத்திரை மாதிரி வேதியியலில் செய்யக்கூடிய மூலக்கூறு, பேனா வேண்டாம், ஊசி வேண்டாம், பிரிட்ஜ் வேண்டாம். வருடக்கணக்கில் போட வேண்டிய மருந்துக்கு இதெல்லாம் சில்லறை விஷயமா? ஊசியில் 20 குறைத்தவர், அதைத் தக்கவைத்துக்கொள்ள மாத்திரைக்கு மாற முடிந்தால் அதுதான் எனக்கு வேண்டியது. எல்லா மாத்திரையும் கரை சேரும் என்றும் இல்லை, டானுகிளிப்ரான் என்ற ஒன்றை, சோதனையில் ஒருவருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததால் 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். சிபுட்ரமைன் விழுந்த அதே இடத்தில் செமாகுளுடைடு நின்றிருக்கிறது. இதய நோய் உள்ள, சுகர் இல்லாத 17,604 பேரிடம் மூன்று வருடத்துக்கு மேல் பார்த்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்திருந்தன. ராத்திரி காதில் டம் டம் கேட்ட எனக்கு, எடை எண்களை எல்லாம்விட இந்த ஒரு முடிவுதான் தைரியம் கொடுத்தது. புதிதாக வருகிறவை இந்தச் சோதனையை இனிமேல்தான் எழுத வேண்டும்.

தம்பி மகனுக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து ஓர் இணைய விற்பனைப் பக்கத்தை அனுப்பினான். ரெட்டாட்ருடைடு என்று பெயர் ஒட்டிய சின்னக் குப்பி, உள்ளே வெள்ளைப் பொடி, நாமே தண்ணீர் கலந்து சிரிஞ்சில் ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். கீழே பொடி எழுத்தில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்கள் பயன்படுத்த அல்ல". அவனுக்கு உள்ளது ஒரு சின்னத் தொப்பை. உயரத்துக்கும் எடைக்கும் கணக்குப் போட்டால் பிஎம்ஐ 26. இந்த மருந்துகளுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 30, பிரஷர், சுகர் மாதிரி கூடவே ஏதாவது இருந்தால் 27. எந்தச் சோதனையிலும் இவனைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள். சோதனையில் இருக்கும் மருந்தைச் சோதனைக்கு வெளியே விற்கிறவன் குப்பிக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியுமோ என்னவோ. போனில் கூப்பிட்டுத் திட்டினேன், "சும்மா பார்த்தேன் அத்தை" என்றான். உங்கள் அட்டவணை அவனை அங்கே அனுப்பியது என்று சொன்னால் அது அநியாயம், ஆனால் கடைசி வரியைக் காட்டி ஆசையைக் கிளப்பியது அதுதான்.

அடுத்த முறை இதே அட்டவணை போடும்போது மூன்று பெட்டிகள் சேர்த்துப் போடுங்கள்: எத்தனை வாரத்தில், பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், நிறுத்தினால் என்ன ஆனது. புதிய மருந்துகளுக்கு மூன்றாவது பெட்டி காலியாக இருக்கும், காலியாகவே அச்சிடுங்கள்.

கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் பெயர் வேண்டாம். மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் லிப்டை விட்டுவிட்டுப் படியேறியதில்தான் இளைத்தேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி